காய்ச்சல் விட்ட நாளுக்கு ஸ்தோத்திரம்

இத்தனை காலம் உங்களிடம் பேசாமல் இருந்தது போதும். நீங்கள் இறந்த செய்தி மலையிலிருந்து வந்தபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. இன்று காலை மகளுக்குக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரையை உடைத்தபோது, விரலில் ஒட்டிய தூள் எப்படியோ உதட்டில் பட்டுவிட்டது. அந்தக் கசப்பில் உங்கள் முகம்தான் முதலில் வந்தது.

மலைமேல் தேவனூர் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் அன்று நான் வாத்தியார். நீங்கள் பக்கத்து ஜெபவீட்டு உபதேசியார். சாமைக் காட்டில் களை எடுத்துவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து பிரசங்கம் செய்வீர்கள். நன்மை பெற்றவர் ஒரு முறம் சாமையை முன்னால் வைத்து, இன்ன நன்மை என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். அது உங்கள் ஜெபவீட்டு வழக்கம்.

அந்த அறுவடைச் சமயத்தில்தான் என் மனைவிக்கு மலைக்காய்ச்சல் கண்டது. ஒரு நாள் நடுக்கி எடுக்கும். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் விட்டுவிடும். அப்படி விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்றீர்கள்.

"ஏனுங்க வாத்தியாரே, அம்மா எந்திரிச்சு உக்காந்துட்டாங்களாமா? மொறத்தை எடுங்க, போலாம்."

"இது விட்ட நாளுங்க. நாளைக்கு மறுபடி வரும். முழுசாப் போகட்டும், அப்பறம் வாரேன்."

"அது சரி! சரக்கு ஊடு வந்து சேந்தப்பறந்தான் கையெழுத்துப் போடுவேங்கிறீங்க. சாமிகிட்டயே யாவாரமுங்களா?"

உள்ளேயிருந்து அவள் சிரித்தாள். "போயிட்டு வாங்க. நான் சோறாக்கி வெக்கிறேன்."

போனேன். முறத்தை வைத்து, "என் மனைவியைச் சுகமாக்கின தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்றேன். மறுநாள் நடுக்கம் வந்தது. அதற்கடுத்த நடுக்கத்தை அவள் தாங்கவில்லை. டோலி கட்டி மலையிறங்கினோம். நீங்களும் ஒரு தோள் கொடுத்தீர்கள். அடிவாரத்துச் சேந்தமங்கலம் கண்ணில் படுமுன்பே மூச்சு நின்றுவிட்டது.

நன்றி சொன்ன வாயால்தான் அவளைக் காய்ச்சலுக்குக் காட்டிக்கொடுத்தேன் என்று நம்பினேன். சொல்லவைத்தவர் நீங்கள். அடக்கத்துக்குப் பிறகு உங்களோடு பேசவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டேன். அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன்பு கூட நான் ஸ்தோத்திரம் சொன்னதில்லை. நல்லது எது வந்தாலும், தூங்கும் நாயைத் தாண்டுகிறவன்போல் சத்தமில்லாமல் கடந்துவிடுவேன்.

பிறகு உங்களுக்கும் அதே காய்ச்சல் வந்தது. நீங்கள் போனபின் உங்கள் மனைவி சந்தைக்கு வந்த இடத்தில் என்னைத் தேடிவந்தார். "விட்ட நாள்ல எல்லாம் மொறத்தை வெக்கச் சொன்னாருங்க. 'பொழைச்சதுக்கு இல்ல புள்ள, இன்னைக்கு நடுங்காததுக்கு'ன்னாரு" என்றார். சாகும்வரை உங்கள் பக்கத்தை நியாயப்படுத்தியிருக்கிறீர்கள் என்று மட்டும் நினைத்தேன். இன்னும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

நேற்று மகள் நடுங்கினாள். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் அடங்காமல், நானே அவள்மேல் கவிழ்ந்து அமுக்கிப் பிடித்தேன். இன்று விட்டிருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "பசிக்குதுங்க அப்பா" என்றாள். அதைக் கேட்டதும் தொண்டைவரை ஸ்தோத்திரம் வந்துவிட்டது. பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டேன். நாளை நடுக்கம் வரும் நாள்.

வாயைப் பொத்திய அந்த நேரத்தில்தான் அன்றைய ஞாயிறு நினைவுக்கு வந்தது. ஜெபவீட்டிலிருந்து திரும்பியபோது சாமைச் சோறு ஆறாமல் மூடியிருந்தது. என் மனைவி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். உங்களைப்போல் சேற்றுக் காலோடு நடந்து காட்டி என்னைச் சிரிக்கவைத்தாள். அந்த ஒரு நாள் என்னிடம் இருக்கிறது. அதற்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. சொன்னதெல்லாம் வராத சுகத்துக்கு.

உங்களை மன்னித்தேன் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் இதை ஜெபவீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். உங்கள் இடத்தில் இப்போது நிற்பவர் எல்லார் காதிலும் விழும்படி வாசிக்கட்டும்: இன்று ஒரு பெண் நடுங்கவில்லை, பசிக்கிறது என்றாள், ஸ்தோத்திரம்.

கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தவன் எடுத்துவிட்டேன். தேவனுக்கு என் எழுத்து தெரியும். காய்ச்சலுக்கு என் பெயர் தெரிய வேண்டாம். கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன்.