என் வாய்க்கு என் குரல்

ஜாதவ்பூர், கல்கத்தா
விஜயதசமிக்கு மறுநாள்

அன்புத் தங்கை டுலுவுக்கு,

அக்காவின் விஜயதசமி ஆசிகள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் சேர்த்துச் சொல். நேற்று துர்க்கையை ஆற்றில் கரைத்துவிட்டு வந்து காலனியில் எல்லோரும் கட்டித் தழுவி, தேங்காய் உருண்டை தின்று, பழைய சண்டைகளை முடித்துக்கொண்டார்கள். நமக்கும் ஒன்று பாக்கி இருக்கிறதே, அதற்குத்தான் இந்தக் கடிதம். விட்டுக்கொடுப்பேன் என்று மட்டும் நினைக்காதே.

நான் நடித்த பழைய படத்தைத் திரும்பப் போடப்போகும் திரைப்பட விழாவின் செயலாளர் பிரபீர் சோம் வந்திருந்தார். நீ அவருக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார். "அக்காவை ஊர் சிரிக்க வைக்காதீர்கள், என் குரல் உள்ள பழைய பிரதியையே போடுங்கள்" என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாமல்! அடி கள்ளி, இத்தனை வருஷம் வாயே திறக்காதவளுக்கு இப்போது என் மானத்தின் மேல் என்ன திடீர் அக்கறை?

வங்க சினிமாவின் பொற்காலம், பொற்காலம் என்று இப்போது மாலை போடுகிறார்கள். பொற்காலம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. மழை ஒழுகும் டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் பாதி விளக்குதான் எரியும். அந்த வெளிச்சத்தில், பிரிவினையில் எல்லையைத் தாண்டி ஓடிவந்த நம் கதையை எப்படி எடுத்தார்கள்! மதியக் காட்சிக்கு வெற்றிலைப் பெட்டியோடு வந்த பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். ஆனால் அவர்கள் கேட்டது என் குரலையா?

முன்னோட்டக் காட்சியில் நான் அழ அழ அரங்கம் சிரித்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்தில் நம் கிழக்கு வங்கப் பேச்சைத் திரையில் கோமாளிக்குத்தானே கொடுப்பார்கள்? கேட்டுக் கேட்டுச் சிரித்தே பழகிய கூட்டம். டைரக்டர் பயந்துபோனார். கல்லூரியில் சேர்ந்த சில மாதங்களிலேயே பேச்சில் கல்கத்தாக்காரியாகிவிட்ட உன்னைக் கூப்பிட்டு என் வாய்க்குப் பேசவைத்தார். என் முகம் மட்டும் தியேட்டருக்குப் போயிற்று. நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

இப்போது ஸ்டுடியோக் கிடங்கில் என் குரல் பதிவான சுருள் கிடைத்திருக்கிறது. அதைச் சேர்த்துப் புதுப் பிரதி போடப்போகிறார்கள். "இப்பவும் சிரிச்சுட்டாங்கன்னா என்னக்கா பண்றது?" என்று சோம் கையைப் பிசைந்தார். "சிரிக்கட்டுமே! முதல் வரிசையில உக்காந்து எவன் பல்லு தெரியுதுன்னு திரும்பிப் பாக்கிறேன்" என்றேன். மனிதர் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

உன் பயம் என்ன என்று எனக்குத் தெரியாதா? டெல்லியில் உன் புகுந்த வீட்டுக்கு நாம் பரம்பரைக் கல்கத்தா, ஷ்யாம்பஜார் குடும்பம். எல்லைக்கு அந்தப்பக்கம் நாம் பிறந்த பரிசால் என்று ஒரு ஊரே கிடையாது. கால்பந்தில் நம்மவர்களின் ஈஸ்ட் பெங்கால் அணி ஜெயித்தால் நீ குளியலறைக்குள் போய்த் தனியாகச் சிரிக்கிறாயாம், உன் மகள் சொல்கிறாள். "ஏன் பெரியம்மா?" என்று என்னைக் கேட்டாள். நான் சொல்லவில்லை. அதை நீதான் சொல்லவேண்டும்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனாலும் கேள். படகுத்துறைக் காட்சி. கூட்ட நெரிசலில் தங்கையின் கை நழுவுகிறது. வசனத்தை மறந்துவிட்டேன். டைரக்டர் வாயில் வந்ததைச் சொல் என்றார். நாம் ஓடிவந்த அன்று நம் ஊர்த் துறையில் கத்தியதையே கத்தினேன். நீ பேசியபோது கதைப்படி உள்ள பெயரைப் போட்டுக் கூப்பிட்டாய். பேசி முடித்து வெளியே வந்து ரொம்ப நேரம் வாந்தி எடுத்தாயாமே, ஒலிப்பதிவாளர் என்னிடம் சொன்னார்.

காளிபூஜை முடிந்த மறுவாரம் படம். உனக்கு என் பக்கத்து இருக்கையைப் பிடித்துவைத்திருக்கிறேன். மகளையும் கூட்டிக்கொண்டு வா. அந்தப் படத்தில் நான் "டுலு, கைய விட்றாதடி!" என்றுதான் கத்துகிறேன்.

தீர்க்காயுசாய் இரு.

உன் அக்கா,
மினு