லக்ஷிகா, ஐந்தடி பத்தரை அங்குலம்

மே 18, 2024, சனி

துவைத்துக் காயப்போட்ட துணியை மழை மறுபடி நனைத்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டு மனுகாவ் ஜிம்முக்குப் போனேன். பள்ளிப் பெண்கள் கூடைப்பந்து.

டேரன் அனுப்பியது ஒரு அணியின் சென்டரை, வளையத்தடியில் நிற்கும் உயரமான பெண்ணை, பார்க்க. இந்த நாட்டுப் பிள்ளைகளை அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்குச் சேர்த்துவிடும் கம்பெனி அவனுடையது. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் அவனுக்காக ஆட்டம் பார்த்து அறிக்கை எழுதுகிறேன். மற்ற ஐந்து நாளும் ஈஸ்ட் டாமாக்கியில் பாட்டில் மூடித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை.

சென்டரைப் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தேன். உயரம் இருக்கிறது, ஆட ஆசை இல்லை. அதற்குப் பிறகு என் கண் எதிரணியின் பதினான்காம் நம்பரை விட்டு அகலவில்லை. ஃபார்வர்ட். நம்ம பெண். லக்ஷிகா யசீகரன் என்று பட்டியலில் இருந்தது, யாழ்ப்பாணத்துக் குடும்பமாக இருக்கும். இரண்டாம் கால் பகுதியில் பந்து வளையத்தில் பட்டு எகிறியது. அவள் பந்தைப் பார்க்கவே இல்லை. தன்னைவிடப் பருமனான ஒருத்தியை இடுப்பால் தள்ளிக்கொண்டே போய் வளையத்தடியை விட்டு வெளியே நிறுத்தினாள். பந்து அவள் தோழி கையில் சும்மா விழுந்தது. கணக்குத்தாளில் இதெல்லாம் வராது. மூன்று முறை செய்தாள்.

குறை: இடது கால் எப்போதும் அரை நொடி தாமதம். போடும் பந்து வளைந்து ஏறாமல் தட்டையாகப் போகிறது. பதினேழு வயது. திருத்தலாம்.

மே 21, செவ்வாய்

பதினான்காம் நம்பரைப் பற்றிச் சொன்னேன், டேரன் சரி என்றான். அளவெடுத்து அறிக்கை எழுதச் சொன்னான்.

ஜூன் 1, சனி

பள்ளியின் இணையப் பக்கத்தில் லக்ஷிகாவின் உயரம் 185 சென்டிமீட்டர், ஆறடி ஒன்று என்று போட்டிருக்கிறார்கள். ஷூ, சாக்ஸ் எல்லாம் கழற்றச் சொல்லிச் சுவரோடு நிறுத்தினேன். தலைமேல் பலகை வைத்து எஃகு டேப்பால் அளந்தேன். 179. மறுபடி அளந்தேன். 179. கை விரிப்பு 188, அது அருமை.

அவள் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில அளந்தா கூட வரும், ஆன்ட்டி" என்றாள். அவள் பேசியது இங்கிலீஷில்தான். இங்கே பிறந்தவள்.

"காலையில நீ ஆட்டம் ஆடறதில்லையே" என்றேன்.

சிரிக்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

டேரன் போன் செய்தான். செல்வநாயகி அவன் வாயில் வெறும் செல். 185 என்றே போடு என்கிறான். "எல்லாரும் ரெண்டு அங்குலம் கூட்டித்தான் எழுதுவாங்க, செல். அங்கே படிக்கிறவங்களும் ரெண்டு அங்குலம் கழிச்சுத்தான் படிப்பாங்க. நீ சரியா எழுதினா அவளை அஞ்சடி எட்டரைன்னு நினைப்பாங்க. நஷ்டம் அவளுக்குத்தான்."

பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எரிச்சல். பிறகு சொன்னேன்: "அப்போ மேலேயே எழுதிடறேன், இது கழிக்க வேண்டாத நம்பர்னு."

அவனும் சிரிக்கவில்லை. இந்த வாரம் யாரும் சிரிப்பதாக இல்லை.

ஜூன் 5, புதன்

வேலையில் மனம் ஓடவில்லை. நான் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறேன்?

1999, கோயம்புத்தூர். மாநில அணித் தேர்வு, மூன்று நாள். கடைசி நாள் நான் ஆடியதுபோல் அதற்கு முன்னும் ஆடவில்லை, பின்னும் ஆடவில்லை. முடிந்ததும் தேர்வாளரின் தாள் மேசையில் கிடந்தது, எட்டிப் பார்த்தேன். செல்வநாயகி, எதிரே 'கால் வேகம் போதாது', கீழே கையெழுத்து, முந்தின நாள் தேதி. அந்த ஆள் கடைசி நாள் முழுக்கக் கேன்டீனில் இருந்தார்.

என்னைப் பார்க்காமலே எழுதினார். அது குறையாக இருந்தால் என்ன, கூடுதலாக இருந்தால் என்ன? 185 என்று எழுதினால் நானும் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

மாட்டேன். 179.

ஜூன் 9, ஞாயிறு

ஒடாஹுஹுவில் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பஸ் டிரைவர் சட்டையோடு ஒருவர் வந்து நின்றார். "நீங்கள்தானே செல்வநாயகி? நான் லக்ஷிகாவின்ர அப்பா." யசீகரன். டேரன் அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறான்.

மரியாதையாகத்தான் தொடங்கினார். "தங்கச்சி, ஆறு சென்ரிமீற்றர். ஒரு விரல் நீளமும் இல்லை. அதுக்காகவோ ஒரு பிள்ளையின்ர வாழ்க்கையை மறிக்கிறியள்?"

"நான் மறிக்கலைங்கண்ணா. அளந்ததை எழுதறேன்."

"வெள்ளைக்காரன் கூட்டிப் போடுறன் எண்டுறான். எங்கட ஆள் நீங்கள் குறைச்சுப் போடுறன் எண்டுறியள். இதை நான் ஆரிட்டச் சொல்லிறது?"

குறைக்கலைங்க, அது இருக்கிற உயரம் என்று சொல்வதற்குள் போய்விட்டார். கையில் முருங்கைக்காயோடு நின்றேன். கடைக்காரர் பார்க்கிறார். அழுகை வந்தது, அழவில்லை. எதுக்கு அழணும்? நான் என்ன தப்புப் பண்ணினேன்?

ஜூன் 15, சனி

லக்ஷிகாவே கூப்பிட்டாள். பூங்காவில் திறந்தவெளி வளையம், சுற்றிலும் சேறு. வந்ததும் கேட்டாள்: "உங்களுக்கு என்னைப் பிடிக்கலையா?"

"பிடிச்சதாலதான் அளந்தேன்" என்றேன். பிறகு சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னேன். ஆறடி ஒன்று என்று போனால் உன்னை வளையத்தடியில் நிறுத்துவார்கள். அங்கே உன்னை இடிக்க வருகிறவள் ஆறடி மூன்று இருப்பாள். ஒரே வருடத்தில் பெஞ்சில் உட்கார்த்திவிடுவார்கள். உன் உயரத்துக்கு நீ வெளியே நின்று ஆடவேண்டிய ஃபார்வர்ட். தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து மூன்று புள்ளி போடத் தெரியவேண்டும். இடது காலைச் சரிசெய்ய வேண்டும். அப்படிச் செய்தால் உன் இடுப்பு வேலையும் நீளக் கையும் சேர்ந்து, உன்னைப்போல ஆள் கிடைப்பது கஷ்டம்.

"கார்ல் விடமாட்டார்" என்றாள். அவள் பள்ளிப் பயிற்சியாளர். வெளியிலிருந்து போட்டால் கத்துவாராம்.

"அது உன் பிரச்சினை. கார்ல் உன் காலுக்குச் சொந்தக்காரர் இல்லை."

ஒரு நிமிடம் என்னை முறைத்தாள். பந்தை எடுத்துக் கோட்டுக்கு வெளியே போய்ப் போட்டாள். வளையத்தைக்கூடத் தொடவில்லை. மறுபடி எடுத்தாள். இருட்டும்வரை நூறு. உள்ளே போனது பத்தொன்பது.

ஜூன் 29, சனி

நூற்றுக்கு இருபத்தெட்டு.

ஜூலை 13, சனி

பள்ளி விடுமுறை. தினமும் பூங்காவுக்கு வருகிறாள், சனிக்கிழமை மட்டும் நான் போகிறேன். முப்பத்தாறு. இடது கால் இப்போது நேரத்துக்கு இறங்குகிறது. நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள்.

ஜூலை 27, சனி

179 என்று நான் எழுதியதை மாற்றி, டேரன் அறிக்கையைக் கல்லூரிகளுக்கு அனுப்பிவிட்டான். ஆறடி ஒன்று. கீழே என் பெயர். ஒரு தகப்பன் நகலைக் காட்டியதால் தெரிந்தது. யசீகரன்தான். பெருமையாகக் காட்டினார், பாவம்.

என் பேரைப் போட்டு. என் பேரைப் போட்டு நான் எழுதாததை எழுதியிருக்கான்.

அவனுக்கு ஒரே வரியில் அனுப்பினேன்: இனி என் பெயர் உன் தாளில் வரக்கூடாது, நானும் வரமாட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஆட்டம் பார்க்க ஆளுக்குப் பஞ்சமில்லையாம்.

இருக்கட்டும்.

ஜூலை 28, ஞாயிறு

காலையிலிருந்து உட்கார்ந்து சொந்தமாக ஒரு அறிக்கை எழுதினேன். முதலில் லக்ஷிகாவிடம் படித்துக் காட்டினேன். "தட்டையான பந்து" என்ற இடத்தில் முகம் சுளித்தாள். "இப்ப அவ்வளவு தட்டையில்லை." அதையும் சேர்த்தேன். உயரம் 179, வெறுங்காலில், அளந்தது நான். கல்லூரிகளின் இணையப் பக்கங்களில் தேடி ஏழு பயிற்சியாளர்களின் முகவரி எடுத்தேன். பெரிய கல்லூரி ஒன்றுகூட இல்லை. ஏழுக்கும் அனுப்பினேன்.

நான் யார்? பாட்டில் மூடி பார்க்கிறவள். யார் பதில் போடுவார்கள்? போடாவிட்டாலும் உண்மை ஒன்று ஏழு இடத்தில் கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 17, சனி

அரையிறுதி. இதை முழுதாக எழுதிவிட வேண்டும்.

டேரனின் அறிக்கையைப் பார்த்து ஒரு பெரிய கல்லூரியின் துணைப் பயிற்சியாளர் நேரிலேயே வந்திருந்தார். ஆட்டத்துக்கு முன் லக்ஷிகாவிடம் கைகுலுக்கினார். நான் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கண் அவள் முகத்துக்குப் போகவில்லை, உச்சந்தலைக்குப் போனது. பிறகு அளவு பார்ப்பதுபோல் தன் தோளைப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது. பக்கத்தில் நின்ற யசீகரனும் அதைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை.

ஆட்டம் தொடங்கியது. மூன்றாம் நிமிடம் லக்ஷிகா மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வந்து நின்று பந்தைப் போட்டாள். விழவில்லை. கார்ல் கத்தினார். மறுபடி வெளியே வந்தாள், விழவில்லை. "உள்ளே போ" என்று ஜிம் அதிரக் கத்தினார். அவள் அவரைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வை. அடுத்த முறையும் வெளியேதான் நின்றாள். பந்து உயரமாக ஏறிச் சத்தமில்லாமல் உள்ளே விழுந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

கார்ல் உடனே அவளை வெளியே இழுத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார். ஆட்டம் முடியும்வரை. அமெரிக்கக்காரர் பாதியில் போய்விட்டார். நான்கு புள்ளியில் தோற்றார்கள்.

வாசலில் அவளைப் பிடித்தேன். கண் சிவந்திருந்தது. தேற்றலாம் என்று வாய் திறந்தேன்.

"அவர் என் தலையைத்தான் பார்த்தார்" என்றாள். பிறகு, "நான் போடுறதை நிறுத்தமாட்டேன். கார்ல்கிட்டயும் சொல்லிட்டேன்."

தேற்ற ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

யசீகரன் போன் செய்தார். ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. "நீங்கள் செய்தது சரியெண்டு நான் சொல்லமாட்டன். ஆனா பிள்ளை நேற்று ஆடினது சரி." வைத்துவிட்டார்.

போதும் எனக்கு.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஏழில் ஒன்று பதில் போட்டிருக்கிறது. அமெரிக்காவின் நடுச் சமவெளியில் ஒரு இரண்டு வருடக் கல்லூரி, பயிற்சியாளர் ஒரு பெண். அந்த ஊர் வரைபடத்தில் ஒரு புள்ளி. பள்ளிப் பக்கத்தில் போட்டதைவிடக் குறைந்த உயரத்தோடு தனக்கு வந்த முதல் அறிக்கை இதுதானாம், அதனால் மீதியையும் நம்பிப் படித்தாளாம். அரையிறுதியில் லக்ஷிகா சில நிமிடமே ஆடியதை இணையத்தில் பார்த்துவிட்டு, அந்த வீடியோவை வெட்டாமல் கேட்டிருக்கிறாள். கூடவே ஒரு கேள்வி: பெஞ்சில் உட்காரவைத்தபின் லக்ஷிகா என்ன செய்தாள்?

உள்ளதை எழுதினேன். முதல் ஐந்து நிமிடம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அதன்பின் ஒவ்வொரு இடைவேளையிலும் எழுந்துபோய், தன் இடத்தில் ஆடுகிறவளுக்கு எங்கே நிற்பது என்று கையால் காட்டினாள். கார்லின் முகத்தை மட்டும் ஒரு தடவையும் பார்க்கவில்லை.

அனுப்பியபின் பயம். கடைசி வரியை விட்டிருக்கலாமோ?

இல்லை. அதுவும் நடந்தது.

அக்டோபர் 12, சனி

அந்தக் கல்லூரி லக்ஷிகாவைக் கூப்பிட்டுவிட்டது: முழு உதவித்தொகை, இரண்டு வருடம். யசீகரன் வீட்டில் பேச்சுவார்த்தைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்கு மனமில்லை. "ஒருத்தருக்கும் பேர் தெரியாத கொலிஜ். ஊரில ஆரும் கேட்டா என்ன சொல்லிறது?" அவர் மனைவி தேத்தண்ணி ஊற்றினார்.

லக்ஷிகா தகப்பனிடம் தமிழில் பேசி நான் கேட்டதில்லை. தட்டுத்தடுமாறித்தான் வந்தது. "அப்பா, அந்தக் கோச் என்னை வெளியில நிண்டு ஆடச் சொல்லுறா. மற்ற ஒருத்தரும் சொல்லேல்ல. நான் அங்கதான் போறன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பாமலே, "அங்க குளிர் எப்பிடி?" என்று கேட்டார்.

நவம்பர் 9, 2025, ஞாயிறு

இங்கே மதியம் இரண்டு மணி, அங்கே சனிக்கிழமை மாலை. யசீகரன் வீட்டு டிவியில் லக்ஷிகாவின் முதல் கல்லூரி ஆட்டம். அவர் டூட்டியை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். மூன்று புள்ளிக்கோடு எது என்று மனைவிக்கு விளக்கினார், தப்பாக. நான் திருத்தவில்லை. எனக்கு வேலை இருந்தது, மடியில் நோட்டு.

பதினொரு நிமிடம் ஆடினாள். ஏழு புள்ளி, நான்கு ரீபவுண்ட். வெளியிலிருந்து மூன்று போட்டதில் ஒன்று விழுந்தது.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் லக்ஷிகாவிடமிருந்து செய்தி: எழுதினதை அனுப்புங்க. நான்கு வரி அனுப்பினேன். ஒன்று, முதல் பந்தை அவசரப்பட்டுப் போட்டாய். இரண்டு, இடுப்பு வேலை நன்று, தவறு விசில் ஒன்றுகூட இல்லை. மூன்று, இரண்டாம் பாதியில் இடது பக்க ஆளை விட்டுவிட்டாய், அதனால் இரண்டு புள்ளி போயிற்று. நான்கு, களைப்புத் தெரிந்தது, ஓடு.

உடனே பதில் வந்தது. ஒன்றும் நான்கும் சரியாம். மூன்று தப்பாம். இடது பக்கத்து ஆள் அவள் பிடிக்கவேண்டிய ஆள் இல்லை, மாற்றிப் பிடிக்கச் சொல்லிக் குரல் கொடுத்தாளாம், தோழிக்குக் கேட்கவில்லையாம். மறுபடி பாருங்க, இருபத்திநாலாவது நிமிடம்.

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தைந்து வருடமாக ஆட்டம் பார்க்கிறவள் நான். வீடியோவைப் பின்னுக்கு இழுத்தேன். சத்தத்தைக் கூட்டினேன். மூன்று தடவை பார்த்தேன். கை நீட்டிக் காட்டுகிறாள், கத்துகிறாள். தெளிவாகக் கேட்கிறது.

மூன்றாவது வரியை நீக்கிவிட்டுத் திருப்பி அனுப்பினேன்.