பின்சக்கரத்தைக் காற்று திருப்பாது

ஆல்வின்,

சைக்கிள் பந்தயத்துக்குக் கிளம்பிவிட்டேன். பின்னால், கம்பிகளுக்குப் பதில் முழுத் தட்டாக மூடியிருக்கும் அந்தத் தட்டுச் சக்கரம்தான். "அந்தத் தட்டப் போட்டேன்னா காத்து உன்ன லாரிக்கு அடியில தள்ளிடும் டோரீன்" என்று நேற்று கத்தினாயே, இதைப் பொறுமையாகப் படி. பக்கக்காற்று முன்சக்கரத்தில் அடித்தால் கைப்பிடி திரும்பிவிடும். அதனால் முன்னால் கம்பிச் சக்கரத்தையே விட்டிருக்கிறேன். பின்சக்கரத்துக்குத் திரும்ப வழியே இல்லை. என் எடையும் அதன்மேல்தான். கம்பிகள் காற்றைக் கடைவதுபோல் தட்டு கடையாது. இருபத்தைந்து மைலில் அரை நிமிடமாவது மிஞ்சும். போன வருடம் ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பதைப் பதினோரு விநாடியில்தான் தவறவிட்டேன்.

பதினொன்றுக்கு மாட்டிறைச்சியை அடுப்பில் வை. மதியம் உன் தங்கை பெரில் வருவாள். நம் சண்டையை அவளிடம் சொல்லாதே.

இன்னொன்று: தட்டில் காற்றடிக்கும் பொந்து சின்னது. வளைந்த பித்தளை முனை இல்லாமல் பம்பு நுழையாது. அதைத் தேயிலை டப்பாவில் ஒளித்து வைத்திருந்தாய். காலையில் நான் முதலில் திறப்பது அந்த டப்பாவைத்தான் என்று முப்பது வருடமாக உனக்குத் தெரியும்.

உனக்கும் தேநீர் போட்டு பிளாஸ்க்கில் வைத்திருக்கிறேன். எட்டு மணிக்கு முடிவுக்கோட்டுக்கு வா, கடிகாரத்தோடு. நீ பார்த்துச் சொல்லும் நேரத்தைத்தான் நம்புவேன்.

டோரீன்