மாடி நடுவில் ஒரு மணை

தம்பி பிரேம்குமாருக்கு,

'அன்புள்ள' என்று போட மனம் வரவில்லை, போடவில்லை. போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் உன் சென்னை ஆபீசுக்குப் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

இங்கே முத்தியால்பேட்டையில் எல்லோரும் சுகம். வீடுதான் சுகமில்லை. பக்கத்தில் ஓட்டல் கட்ட இன்னும் மிஷின் வைத்துத் தரைக்குள் பைல் தூண்களை அடித்து இறக்குகிறார்கள். மாடியில் ஆதிரை தூங்கும் கட்டிலுக்கு மேலே, உத்திரத்தை ஒட்டிக் காரை உதிர்கிறது. நேற்று என் பெண்ணின் தலையணையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளினேன். இப்போது கீழே எங்களோடு படுக்கிறாள். அங்கேயும் மேலே உத்திரம்தான்.

உன் ரிப்போர்ட் வந்தது. நடுக்கம் அளவுக்குள்தான் இருக்கிறதாம், வீட்டுக்கு ஆபத்தில்லையாம். ஏன் இருக்காது? நடுக்கம் அளக்கும் சென்சாரையெல்லாம் எங்கே வைத்தாய்? வாசல் தூண் அடியில், படிக்கட்டுக்குக் கீழே, சமையலறை மூலையில். சுவர் கனமான இடமாகப் பார்த்துப் பார்த்து ஒட்டினாய். மாடி நடுவில் ஒன்று வையடா என்று கெஞ்சினேன். "மேல வெச்சா ஒயர் பத்தாதுக்கா, கீழயே போதும்" என்றாய். உன் பையில் ஒரு சுருள் ஒயர் பிரிக்காமல் கிடந்தது. நான் குருடி இல்லை.

காலேஜில் படிக்கும்போது கொடிக்கயிற்றைச் சுண்டிக் காட்டி, கட்டின முனை ஆடாதுக்கா, நடுவில்தான் ஆடும் என்று எனக்குச் சொன்னவனே நீதான். தெரியாமல் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். உன் கம்பெனிக்கு இந்த வேலையைக் கொடுத்தவனே அந்த ஓட்டல்காரன்தான். அன்றைக்கு என் வீட்டில் ஒரு வாய் காபி குடிக்காமல் ஓடினாயே, அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

என் வீட்டுக்காரர், உன் மாமா, சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து, உன் பெயரைப் போட்டே கலெக்டருக்கு மனு எழுதி வைத்திருக்கிறார். காதுகுத்து முடியட்டும் என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

தை பிறந்ததும் ஆதிரைக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் என்று அவளுக்கு இருப்பது நீ ஒருத்தன். நீ உட்காரும் மணையை மாடி நடுவில் போடுகிறேன், நீ சென்சார் வைக்காத அதே இடத்தில். பக்கத்தில் மிஷின் ஓடுகிற நேரமாகவே பார்க்கிறேன். ஆபத்தில்லை என்று கையெழுத்துப் போட்டவன், அவளை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்.

முடியாதென்றால் அந்த ஒயரை எடுத்துக்கொண்டு முன்னாலேயே வா. கருவியை மாடியில் வை. காதுகுத்தைக் கோயிலில் வைத்துக்கொள்ளலாம்.

நன்றாக இரு. என் பெண்ணுக்கு வேறு மடி தேட வைக்காதே.

உன் அக்கா,
கலைவாணி