நாம, நாங்க

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு பல் செட்டைக் கெடுத்தேன். மெழுகில் பல் அடுக்கும்போது கடைவாய்ப் பல்லை இடம் வலம் மாற்றி வைத்துவிட்டேன். "வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?" என்றார் முதலாளி. தூக்கம் சரியில்லை என்றேன். வேறென்ன சொல்ல? இயேசு தெய்வமில்லை என்று என் வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார், அதனால் உங்கள் கடைவாய்ப் பல் இடம் மாறிவிட்டது என்றா?

காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நாங்க கூட்டத்துக்குப் போறோம்." அவரும் பாப்பாவும், அவர் புதிதாகப் போய்வரும் அந்தச் சபைக்கு. கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீட்டில் 'நாம'தான். அவருக்கு ஜுரம் வந்தால்கூட "நாம டாக்டரைப் பார்க்கலாம்" என்பார்.

மார்ச் 6, வியாழன்

எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினார், லிஃப்ட் ரிப்பேருக்குப் போகும் இடத்தில் அது ஏன் நின்றது என்று குடியிருப்பவர்களுக்கு விளக்குவாரே, அந்தக் குரலில். பிதா மட்டும்தான் கடவுளாம். குமாரன் முதலில் படைக்கப்பட்டவராம். ஆவியானவர் வெறும் சக்தியாம். பதினாறாம் தேதி அந்தக் கூட்டத்தில் ஞானஸ்நானம் எடுக்கப்போகிறார். எடுத்த பிறகு வெளியாட்களோடு ஜெபிக்கக் கூடாது.

"நான் வெளியாளா?"

பைபிளை மூடி வைத்தார்.

"பாப்பா?"

"அவ எங்களோட."

ஒரே வீட்டில், ஒரே மேசையில், தனித்தனியாகக் கண்ணை மூடிக்கொள்வோமா? பிறகு அந்த மேசையும் எதற்கு?

அதற்கு முந்தின நாள், பதினைந்தாம் தேதி சனிக்கிழமை, அவர்களுடைய தலைவர் வீட்டுக்கு வருகிறார். பெட்டி நிறையப் புத்தகத்தோடு அலைவதால் எனக்கு அவர் பெட்டிக்காரர். "உன் பக்கத்து நியாயத்தை அவர்கிட்ட சொல்லு" என்கிறார் இவர். நானா? நான் பல் கட்டுகிறவள்.

மார்ச் 9, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் போதகரிடம் ஓடினேன். பிதா, குமாரன், ஆவியானவர் மூவரும் ஒரே கடவுள் என்பதற்குத் தண்ணீர், ஐஸ், நீராவி என்று உதாரணம் சொன்னால் போதுமா என்று கேட்டேன். சின்ன வயதில் படித்தது அதுதான்.

"ஐயோ, அது வேண்டாம்மா. ஒருத்தரே மூணு வேஷம் கட்டற மாதிரி ஆயிடும். அதுவும் தப்பு."

போச்சு. கையில் இருந்த ஒரே சரக்கும் கள்ளச் சரக்கு. இத்தனை நாள் என்னத்தை நம்பிக்கொண்டிருந்தேன்?

மார்ச் 12, புதன்

பயம். பயம். தோற்றால் வாதம் மட்டுமா போகும்?

மார்ச் 15, சனி

பெட்டிக்காரர் மரியாதையான மனிதர். அதுதான் கூடுதல் பயம்.

"ஒண்ணும் ஒண்ணும் ஒண்ணும் மூணுதானேம்மா?"

"மூணு கடவுள்னு யாரும் சொல்லல ஐயா. பைபிள்ல மனுஷனைப் படைக்கும்போது கடவுள் 'நாம்'னு பேசறாரே, அது யார்கிட்ட?"

"தூதர்கள்கிட்ட."

"அப்ப தூதர்களும் சேர்ந்தா நம்மைப் படைச்சாங்க?"

"சரி, ராஜாக்கள் தங்களை 'நாம்'னு சொல்லிக்கிறதில்லையா? அது மாதிரி."

ராஜாக்களைப் பற்றி எனக்கென்ன தெரியும்? இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பாப்பா பொறக்கிற வரைக்கும் இவரை யாரும் அப்பான்னு கூப்பிடல. பிதாவும் அப்படி நடுவுல அப்பா ஆனவரா? குமாரன் வர்ற வரைக்கும் அன்பு வைக்க ஆளில்லாம ஒத்தையா உட்கார்ந்திருந்தாரா?"

பெட்டிக்காரர் பெட்டியைத் திறந்தார். வசனம் மேல் வசனம். கடைசியில் அழுகை வந்துவிட்டது.

"எல்லாத்துக்கும் எனக்குப் பதில் தெரியாது ஐயா. 'நாங்க'ன்னா என்னன்னு தெரியும். அதுல நான் இல்ல. நான் கும்பிடற கடவுள் ஆதியிலேயே 'நாம்'னு சொன்னவர். நீங்க இந்த வீட்டுக்குள்ள 'நாங்க'வைக் கொண்டுவந்துட்டீங்க."

இவர் தலை நிமிர்ந்தார். பெட்டிக்காரரை வாசல்வரை கொண்டுவிட்டு வந்து, நாளைக்கு ஞானஸ்நானத் தண்ணீரில் முழுகி எழுந்ததும் துடைக்கத் துண்டு எடுத்து வைக்கச் சொன்னார். எடுத்து வைத்தேன். தோற்றுவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

விடிந்ததும் பையோடு கிளம்பினார். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவில்லை. நான் சர்ச்சுக்குப் போகவில்லை.

மத்தியானம் திரும்பினார். துவைக்கப் போடலாம் என்று பையைத் திறந்தேன். துண்டு நான் மடித்த மடிப்பிலேயே இருந்தது.

"தண்ணி இல்லையா அங்க?"

"இருந்துச்சு."

கை கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தார். "அந்த மூணும் ஒண்ணுங்கற விஷயம் எனக்கு இன்னும் புரியல" என்றார்.

"எனக்கும்தான்."

தட்டு வைத்தேன். ஒரு கரண்டி கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"பாப்பாவைக் கூப்பிடு. நாம ஜெபம் பண்ணிட்டு சாப்பிடலாம்."