மூத்த மருமகளின் பெயர்

மாஸவாவுக்கு,

இனி உன்னை இப்படித்தானே கூப்பிட வேண்டும்? ரஷ்யாவுக்கு டாக்டர் படிப்புக்குப் போனவள் படித்த சரான்ஸ்க் ஊரிலேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கல்யாண வீடியோவில் உன் மாமியார் உன் தலையில் ரொட்டியை வைத்துப் புதுப்பெயர் சூட்டியபோது நீ சிரித்தாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் வாசலில் வைத்து உன் மாமா கேட்டான்: "என்ன அத்தான், நீங்க வச்ச பேரை அவிய அழிச்சிட்டாவளாமே?" அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை; உன் போனையும் நான் எடுக்கவில்லை.

முன்பு மாப்பிள்ளையின் இனத்தை மொர்த்வின் என்றேன். அது வெளியார் வைத்த பெயர், எர்ஸ்யா என்று சொல்லுங்கள் அப்பா என்று திருத்தினாய். இனத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட சிற்பி எர்ஸ்யாவின் மரச்சிலைகளைப் படமெடுத்து அனுப்பினாய். பெயரின் அருமை இவ்வளவு தெரிந்தவளுக்கு அப்பன் வைத்த பெயர் மட்டும் இளப்பமா என்று நினைத்தேன்.

நேற்று உன் அம்மா இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள்: "மாஸவான்னா அழகான பொம்பளையாம். மூத்த மருமகளுக்கு வைக்கிற பேராம். நீங்க வச்ச வடிவுக்கும் அதான அர்த்தம்? அதுக்குத்தான் சிரிச்சிருக்கா."

"முன்னமே சொன்னா என்ன?"

"அவ பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவீங்களே."

உன் மாமாவோடு இன்னும் பேசவில்லை. பேசவும் மாட்டேன்.

அடுத்த மாதம் வருகிறீர்களாம். ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். எல்லார் முன்னாலும் வடிவு என்றுதான் கூப்பிடுவேன். மாப்பிள்ளை விழித்தால் அர்த்தத்தைச் சொல்லிவிடு.

அப்பா