அந்த வருடம் கோடு ஏன் ஏறியது

வியாழன், இரவு

கல்லூரி வேலைக்கான மாதிரி வகுப்பு இன்று முடிந்தது. நாட்டின் உற்பத்தியோடு ஒப்பிட்டால் புழங்கும் மொத்தப் பணம் ஆண்டுதோறும் எவ்வளவு என்பதுதான் தலைப்பு. கொரோனா வருடத்தில் கோடு விருட்டென்று ஏறுகிறது. 'நாம் முடங்கிக் கிடந்தபோது முதலாளிகளுக்குப் பணம் அச்சடித்துக் கொட்டினார்கள்' என்று விளாசத் தயாராக இருந்தேன்.

வகுப்புக்கு முன்னால் கேன்டீனில் ஷாஹிதா என் வரைபடத்தைப் பார்த்தாள். அதே வேலைக்கு வந்தவள். காலையில்தான் பழக்கம்.

"ஏனுங்க, இது வகுத்து வந்த கணக்குதானுங்களே? பணம் வழக்கத்தவிடக் கொஞ்சந்தான் கூடுச்சு. உற்பத்திதான் பொத்துன்னு விழுந்துபோச்சு. அந்த வருசம் உங்க ஊட்டுல வேலை ஓடுச்சுங்களா?"

ஓடவில்லை. அப்பாவின் லேத் பட்டறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டும் சேர்ந்துதான் கோட்டை ஏற்றியது என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

"நான் உளறியிருந்தா வேலை உங்களுக்குத்தானுங்க. எதுக்குச் சொன்னீங்க?"

"உளறுனவங்களோட போட்டி போட்டு ஜெயிச்சேன்னு ஊட்டுல சொன்னா, எங்கம்மா சிரிக்குமுங்க."

வகுப்பில் எங்கள் பட்டறையை வைத்தே விளக்கினேன். தேர்வுக் குழுவினர் தலையாட்டினார்கள். முடிவு நாளைக்கு.

ஒரே ஒரு காலியிடத்துக்கு இத்தனை பேரை வரவழைத்து வரிசையில் உட்காரவைத்தவர்கள்மேல் ஆத்திரம் தீரவில்லை. ஷாஹிதாவை நினைத்தால் மட்டும் மனசு இளகுகிறது. எனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். அவளுக்குக் கிடைத்தால் அழுவேன். ஆனால், அவளுக்கு எப்படிக் கிடைத்தது, சிபாரிசா காசா என்று மட்டும் கேட்க மாட்டேன்.